நாட்ஜாவின் முகம் எங்கே?

1928இல் பாரிஸின் காலிமார் பதிப்பகம் ‘நாட்ஜா’ என்றொரு நூலை வெளியிட்டது. அதை வாசிக்காமல் வெறுமனே புரட்டிப் பார்க்கும் ஒருவர், இது என்ன வகைப் புத்தகம் என்று சொல்லத் திணறிப்போவார். பாந்தியோன் சதுக்கத்தில் ஒரு விடுதியின் முகப்பு. பீடத்தின்மேல் ஒரு சிலை. விறகும் கரியும் விற்கும் கடை. ஒரு புத்தகக் கடையின் வாசல். கோட்டு அணிந்த கவிஞர்கள். குறி சொல்லும் பெண்மணி. மனநல மருத்துவர் ஒருவர். பழகாத கையால் வரையப்பட்ட சில கோட்டோவியங்கள். மொத்தம் 44 படங்கள். ஊர் பார்க்க வந்தவர்களுக்கான வழிகாட்டியா, புலன்விசாரணைக் கோப்பா, யாரோ ஒருவரின் ஆல்பமா? ஆந்த்ரே பிரெத்தோன் எழுதிய இந்தச் சிறிய நூல்தான் சர்ரியலிச உரைநடையின் முதன்மையான ஆக்கங்களில் ஒன்றாக இன்றும் வாசிக்கப்படுகிறது.

சர்ரியலிசம் என்றதும் பெரும்பாலோருக்கு நினைவில் எழுவது சல்வதோர் தலியின் உருகி வழியும் கடிகாரமும், ரெனே மக்ரித் வரைந்த தொப்பிக்கார மனிதர்களும்தான். அந்த இயக்கத்தின் புத்தகங்களிலும் அப்படிப்பட்ட விசித்திரப் படங்களே இருக்கும் என்று எதிர்பார்ப்பது இயல்பு. ‘நாட்ஜா’வைத் திறந்தவருக்குக் கிடைப்பதோ நேர் எதிரான அனுபவம். எந்தத் தபால் அட்டையிலும் வரக்கூடிய, எந்த உணர்ச்சியையும் காட்டிக்கொள்ளாத தெருப் படங்கள். பல விமர்சகர்களே இவற்றைச் சலிப்பூட்டுபவை என்று ஒதுக்கியிருக்கிறார்கள். ஆனால் அந்தச் சாதாரணத்தன்மையில்தான் நூலின் முழு பலமும் இருக்கிறது. கனவு போன்ற ஒன்று பட்டப்பகலில், பெயரும் முகவரியும் உள்ள ஒரு தெருவில், உயிருள்ள மனிதர்களுக்கு நேர்ந்தது என்பதற்குப் பிரெத்தோன் ஒப்படைக்கும் சாட்சியங்கள் இவை. சாட்சியம் என்று ஏற்றுக்கொண்டால், அது எதைக் காட்டுகிறது என்பதோடு யாரைக் காட்டாமல் விட்டது என்பதையும் கேட்டாக வேண்டும். 

பிரெத்தோனுக்கு வருணனை பிடிக்காது. 1924இல் அவர் எழுதிய முதல் சர்ரியலிச அறிக்கையில் நாவலாசிரியர்களை அவர் கடிந்துகொள்ளும் இடம் புகழ்பெற்றது. ‘குற்றமும் தண்டனையும்’ நாவலில் தஸ்தயேவ்ஸ்கி ஓர் அறையை, அதன் சுவர்த்தாளும் மேசை நாற்காலிகளுமாக விவரிக்கும் பத்தியை எடுத்துக்காட்டி, இந்த அறைக்குள் நுழையத் தனக்கு விருப்பமில்லை என்று மறுத்துவிடுகிறார். விற்பனைப் பட்டியலில் இருக்கும் படங்களைச் சொற்களில் அடுக்குவது எழுத்தாளனின் வேலையல்ல என்பது அவர் கட்சி. நான்கு ஆண்டுகள் கழித்து ‘நாட்ஜா’வில் அந்தக் கட்சியை நடைமுறைப்படுத்துகிறார். ஒரு சதுக்கம் எப்படி இருந்தது என்று எழுதுவதற்குப் பதிலாக அதன் புகைப்படத்தை வைத்துவிடுகிறார். 1962இல், திருத்திய பதிப்புக்காக எழுதிய முன்னுரையில் இதை வெளிப்படையாகவே சொன்னார்: ஏராளமான புகைப்படங்களைச் சேர்த்ததன் நோக்கம் வருணனையை அடியோடு நீக்குவது, நூலின் தொனி ஒரு மருத்துவர் நோயாளியைப் பற்றி எழுதிவைக்கும் குறிப்புகளை ஒத்திருக்க வேண்டும் என்று அவர் விரும்பினார்.

புனைவுக்குள் புகைப்படம் வருவது அப்போதே புதிதல்ல. பெல்ஜிய எழுத்தாளர் ழோர்ழ் ரோதன்பாக் 1892இல் வெளியிட்ட ‘செத்த நகரம் புரூஜ்’ என்ற நாவலில் 35 நகரப் படங்கள் இருந்தன. மனைவியை இழந்த ஒருவரின் துயரத்தோடு கால்வாய்களும் தேவாலய மணிக்கூண்டுகளும் கலந்துவிடும் கதை அது. அங்கே படங்கள் கதையின் சோகத்துக்குப் பக்கவாத்தியம் வாசிக்கின்றன. பிரெத்தோன் தன் படங்களின்மேல் எந்த மனநிலையையும் பூசவில்லை.

ஓர் எடுத்துக்காட்டு போதும். 1926 அக்டோபர் 6ஆம் தேதி மாலை. இரண்டு நாள் முன்னர் லஃபாயெத் தெருவில் தற்செயலாகச் சந்தித்த, தன்னை நாட்ஜா என்று அழைத்துக்கொள்ளும் இளம்பெண்ணுடன் பிரெத்தோன் தோஃபீன் சதுக்கத்துக்கு வந்து சேர்கிறார். திராட்சை மது விற்கும் ஒருவரின் கடைக்கு வெளியே மேசை போட்டுச் சாப்பிடுகிறார்கள். இருட்டத் தொடங்குகிறது. நாட்ஜா நடுங்குகிறார். இங்கே இறந்தவர்களின் கூட்டம் நிற்பதாக உணர்கிறார். எதிரே இருட்டாக இருக்கும் ஒரு சன்னலைக் காட்டி, இன்னும் ஒரு நிமிடத்தில் அதில் வெளிச்சம் வரும், சிவப்பாக இருக்கும் என்கிறார். நிமிடம் கழிகிறது. சன்னலில் விளக்கு எரிகிறது. திரைச்சீலை சிவப்பு.

இந்தப் பக்கத்துக்கு உரிய படத்தில் என்ன இருக்கிறது? அந்த மதுக்கடையின் முகப்பு. பகல் வெளிச்சம். சிவப்புச் சன்னல் இல்லை, இருட்டு இல்லை, நாட்ஜா இல்லை, பயமும் இல்லை. ஓர் ஓவியரிடம் இந்தக் காட்சியைக் கொடுத்திருந்தால் இரத்தச் சிவப்பில் ஒரு சன்னலையும் விழி பிதுங்கும் பெண்ணையும் வரைந்து தந்திருப்பார். வாசகர் அதைப் பார்த்து, ஆகா, நல்ல கற்பனை என்று பக்கத்தைத் திருப்பியிருப்பார். கடையின் சாதாரண முகப்பைப் பார்க்கிறவரால் அப்படித் தப்பிக்க முடியாது. இடம் உண்மை. கதவு உண்மை. அப்படியானால் அன்று மாலை நடந்ததாகச் சொல்லப்படுவது? புகைப்படம் அந்தக் கேள்விக்கு விடை தராது. அதை மூடிவிடவும் விடாது. சர்ரியலிச இலக்கியம் கண்டெடுத்த மிகக் கூர்மையான உத்திகளில் ஒன்று இது.

இந்தப் படங்களில் பலவற்றை எடுத்தவர் ழாக்-ஆந்த்ரே புவாஃபார். மருத்துவப் படிப்பை விட்டுவிட்டுப் புகைப்படக் கலைஞர் மான் ரேயிடம் உதவியாளராகச் சேர்ந்த இளைஞர். கவிஞர்களின் உருவப்படங்களை மான் ரே எடுத்தார். வேறு சில முகங்கள் ஆன்ரி மனுவேல் என்ற தொழில்முறைப் புகைப்படக்காரரின் நிலையத்தில் எடுக்கப்பட்டவை. அந்த இடங்களைத் தான் முதலில் எந்தக் கோணத்தில் பார்த்தாரோ அதே கோணத்தில் படம் எடுக்க வேண்டும் என்பது பிரெத்தோனின் ஆசை. அது முழுதும் நிறைவேறவில்லை. பல இடங்கள் முரண்டு பிடித்தன என்று நூலின் இறுதியை ஒட்டிய பகுதியில் அவரே ஒப்புக்கொள்கிறார். ஒரு சிலையைச் சுற்றி வேலிப் பலகைகள் அடைத்திருந்தன. ஒரு நாடக அரங்கின் நிர்வாகம் உஷாராகிவிட்டது. கிரேவான் மெழுகுச் சிலைக் காட்சியகத்தில், நிழலில் காலுறைப் பட்டையைச் சரிசெய்யும் பெண்ணின் உருவத்தைப் படமெடுக்க அனுமதியே கிடைக்கவில்லை. கிடைக்காத படங்களின் பட்டியலையும் நூலுக்குள் எழுதிவைத்த ஆசிரியர் அவர். படம் அலங்காரம் என்று நினைப்பவர் கிடைத்ததை அச்சிட்டுவிட்டு மற்றதை மறந்துவிடுவார். சாட்சியம் என்று நினைப்பவர்தான் விடுபட்டதையும் பதிவுசெய்வார்.

கிடைத்த படங்களில் ஒன்று மோபேர் சதுக்கத்து எத்தியென் தோலே சிலை. 1546இல் அதே சதுக்கத்தில் மரணதண்டனை விதிக்கப்பட்டு எரிக்கப்பட்ட அச்சாளர் அவர். அந்தச் சிலை தன்னை எப்போதும் ஈர்த்தது, தாங்கமுடியாத ஒரு சங்கடத்தையும் தந்தது என்று மட்டும் சொல்லிவிட்டு, காரணம் சொல்லாமல் நகர்ந்துவிடுகிறார் பிரெத்தோன். ஜெர்மனியின் ஆக்கிரமிப்புக் காலத்தில், 1942இல், உலோகத்துக்காக அந்தச் சிலை உருக்கப்பட்டது. இன்று மோபேர் சதுக்கத்தில் அது கிடையாது. வருணனைக்குப் பதிலாக வைக்கப்பட்ட ஒரு படம், அதை வைத்தவரே எதிர்பாராதபடி, மறைந்துபோன ஒன்றின் ஆவணமாகிவிட்டது. 

படங்களுக்குக் கீழே இருக்கும் குறிப்புகளையும் கவனிக்க வேண்டும். இடத்தின் பெயர், ஆண்டு என்று வழக்கமான தகவல் அங்கே இருக்காது. நூலின் உள்ளிருந்தே ஒரு வாக்கியத்தின் துண்டு எடுக்கப்பட்டு, அது வரும் பக்க எண்ணோடு தரப்பட்டிருக்கும். அந்தக் காலத்து மலிவுவிலைப் படக்கதை நாவல்களில் இருந்த பழக்கம் அது. வால்டர் பெஞ்சமின் 1929இல் சர்ரியலிசம் பற்றி எழுதிய கட்டுரையில் இதைச் சட்டென்று கண்டுகொண்டார். பணிப்பெண்கள் வாசிக்கும் பழைய நாவல்களைப் போல இந்தப் படங்கள் பக்க எண்ணோடு வருகின்றன. பாரிஸின் தெருக்களையும் வாயில்களையும் அத்தகைய நாவலின் படங்களாக மாற்றி, அந்தக் கட்டடங்களின் அலுத்துப்போன அன்றாடத்தை உறிஞ்சி எடுத்து, சொல்லப்படும் நிகழ்வுக்குள் பாய்ச்சுகின்றன என்பது அவர் வாதம். ‘நாட்ஜா’ வெளியான மறு ஆண்டே எழுதப்பட்ட அந்தப் பத்தியை மிஞ்சும் விளக்கம் இந்த நூற்றாண்டில்கூட வரவில்லை.

வாக்கியத் துண்டும் பக்க எண்ணும் இருப்பதால் வாசிப்பவரின் கை சும்மா இருப்பதில்லை. படத்திலிருந்து பக்கத்துக்கும் பக்கத்திலிருந்து படத்துக்கும் புரட்டியபடியே இருக்க வேண்டும். கதை முன்னால் போக, கண் பின்னால் போகிறது.

புத்தகத்துக்கு முன்பே பத்திரிகை இந்த வேலையைத் தொடங்கியிருந்தது. 1924 டிசம்பரில் பியேர் நவீலும் பெஞ்சமின் பெரேயும் ஆசிரியர்களாக இருந்து கொண்டுவந்த ‘சர்ரியலிசப் புரட்சி’ இதழின் வடிவமைப்பு, ‘இயற்கை’ என்ற பெயரில் அப்போது பிரபலமாக இருந்த அறிவியல் இதழைப் பார்த்து அமைக்கப்பட்டது. கனவுகளின் பதிவுகளும் தன்னிச்சை எழுத்தும் ஓர் ஆய்வறிக்கையின் முறைப்பான உடையில் வந்தன. 1926 ஜூன் இதழின் அட்டையில் ஒரு கூட்டம் தலையை உயர்த்தி வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. கையில் எதையோ கண்ணருகே பிடித்திருக்கிறார்கள். ‘கடைசி மதமாற்றங்கள்’ என்று தலைப்பு. உண்மையில் அது 1912 சூரிய கிரகணத்தன்று பாஸ்தீய் சதுக்கத்தில் ஒழேன் அட்ஜே எடுத்த படம். முதியவரான அட்ஜே, மான் ரேயின் பட்டறை இருந்த அதே கம்பாஞ்-பிரெமியேர் தெருவில் வசித்தார். பழைய பாரிஸின் கதவு, படிக்கட்டு, கடைச் சன்னல்களைப் படமெடுத்து ஓவியர்களுக்கும் நூலகங்களுக்கும் விற்றுப் பிழைத்தார். தன் பெயரைப் போட வேண்டாம், இவை வெறும் ஆவணங்கள்தான் என்று மான் ரேயிடம் கேட்டுக்கொண்டார். பெயரில்லாமலேயே படம் வந்தது. அடுத்த ஆண்டு அட்ஜே இறந்தார். அவர் சேகரத்தின் பெரும்பகுதியை அழியாமல் காப்பாற்றியவர், மான் ரேயின் உதவியாளராக இருந்த பெரெனிஸ் அபாட். எந்த வித்தையும் செய்யாமல் எடுத்த ஓர் ஆவணப் படத்துக்குப் பக்கத்தில் மூன்று சொற்கள் சேர்ந்தால் போதும், உலகம் சற்றே இடம் பெயரும் என்பதைச் சர்ரியலிச எழுத்தாளர்கள் இந்த முதியவரிடமிருந்துதான் கற்றார்கள். 

இனி நாட்ஜாவிடம் வர வேண்டும். 

அவருடைய இயற்பெயர் லியோனா டெல்கூர். பிரான்ஸின் வடக்கே, லீல் நகரை ஒட்டிய பகுதியில் 1902இல் பிறந்தவர். பாரிஸில் வறுமையோடு தனியாகப் போராடியவர். பிரெத்தோனைச் சந்தித்த சில மாதங்களில், 1927 மார்ச்சில், மனநல மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். பிறகு வெளியே வரவேயில்லை. 1941இல் மருத்துவமனையிலேயே இறந்தார். பிரெத்தோன் ஒரு முறைகூட அவரைப் போய்ப் பார்க்கவில்லை. மனநல மருத்துவத்தின் மீதும் அதன் காப்பகங்களின் மீதும் தனக்கிருக்கும் வெறுப்பே காரணம் என்று நூலில் எழுதினார். 

நூலில் கவிஞர் எலுவாரின் முகம் இருக்கிறது. பெரேயின் முகம் இருக்கிறது. உறக்கநிலையில் பேசும் கவிஞர் தெஸ்னோஸ் இரண்டு முறை இருக்கிறார். மேடை நடிகை பிளான்ஷ் தெர்வால், குறி சொல்லும் மதாம் சக்கோ, சேன்ட்-ஆன் மனநல மருத்துவமனையின் பேராசிரியர் குளோத் எல்லோரும் இருக்கிறார்கள். இறுதிப் பகுதியில் பிரெத்தோனின் உருவப்படமும் வருகிறது. நூலுக்குப் பெயர் தந்த பெண்ணின் முகம் மட்டும் 1928 பதிப்பில் எங்கும் இல்லை. அவர் நின்ற சதுக்கம் உண்டு, அமர்ந்த மதுக்கடை உண்டு, அவர் வரைந்த படங்கள் உண்டு. அவரைப் போன்ற நோயாளிகளை அடைத்துவைக்கும் துறையின் பிரதிநிதிக்கு முழுப்பக்க உருவப்படம் உண்டு. 

இதற்கு அழகான விளக்கம் ஒன்று நீண்டகாலமாகச் சொல்லப்படுகிறது. நாட்ஜா ஓர் ஆவி போன்றவர், பிடிபடாதவர், அவரைப் படத்தில் அடைக்க முடியாது. இன்மையே அவருடைய உருவம் என்பார்கள். ரோலான் பார்த் புகைப்படம் பற்றி 1980இல் எழுதிய தன் கடைசி நூலில், இறந்துபோன தாயின் சிறுவயதுப் படத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிவிட்டு அந்தப் படத்தை மட்டும் வெளியிடாமல் விட்டதையும் துணைக்கு அழைப்பார்கள். ஒப்பீடு சரியாகப் பொருந்தவில்லை. பார்த் ஏன் வெளியிடவில்லை என்று வாசகரிடம் காரணம் சொன்னார்: அது தனக்கு மட்டுமே காயம் தரும் படம், மற்றவர்களுக்கு ஏதோ ஒரு பழைய படம். பிரெத்தோனோ மெழுகுப் பொம்மையைப் படமெடுக்க முடியாமல் போனதற்கு வருந்துகிறார். நாட்ஜாவின் முகம் இல்லாததற்கு ஒரு சொல்கூட வருந்தவில்லை. இவ்வளவு ஆவணப் பிடிவாதம் கொண்ட நூலில் இந்த மௌனத்தைக் கவித்துவம் என்று கடந்துபோவது, மருத்துவமனைக்குள் மறைந்துபோன ஒரு பெண்ணுக்குச் செய்யும் அநீதி.

35 ஆண்டுகள் கழித்து, 1963 பதிப்பில், படங்கள் 48 ஆயின. மெழுகுப் பெண்ணின் படம் ஒருவழியாகக் கிடைத்துச் சேர்ந்தது. கூடவே நாட்ஜாவும் வந்தார். முழு முகமல்ல, கண்கள் மட்டும். ஒரே கண்களின் படப் பட்டை நான்கு முறை ஒன்றின்கீழ் ஒன்றாக ஒட்டப்பட்டு, பெரணி இலைகளோடு அந்தக் கண்களை ஒப்பிடும் உரைப்பகுதிக்குத் துணையாக வைக்கப்பட்டது. கண்கள் வந்த அதே பதிப்பில் வேறொன்று போனது. பிரெத்தோனும் நாட்ஜாவும் ரயிலேறிச் சேன்ட்-ழெர்மேனுக்குச் சென்று ஒரு விடுதியில் இரவைக் கழித்ததற்கு 1928 பதிப்பில் இருந்த குறிப்பை ஆசிரியர் நீக்கினார். எதையும் மறைக்காத கண்ணாடி வீட்டில் வாழ விரும்புவதாக அதே நூலில் எழுதியவர் அவர். ஆவணத்தைப் போல எழுதுகிற ஒருவர் ஆவணத்தைத் திருத்தும்போது, வாசகர் இரண்டு பதிப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கத்தான் வேண்டும். 

அந்த இயக்கம் பெண்ணைப் பார்த்த விதத்துக்கு மற்றொரு புகைப்படச் சான்றும் உண்டு. 1929 டிசம்பரில் வந்த ‘சர்ரியலிசப் புரட்சி’யின் கடைசி இதழில், மக்ரித் வரைந்த நிர்வாணப் பெண் ஒருத்தியைச் சுற்றி 16 ஆண்களின் படங்கள் சட்டமிட்டதுபோல அச்சாயின. எல்லாம் தானியங்கிப் புகைப்படக் கூண்டில் எடுத்த சிறிய படங்கள். பிரெத்தோன், அரகோன், எலுவார், தலி, புனுவேல் என எல்லோரும் கண்ணை மூடியிருக்கிறார்கள். ஆண்களுக்குப் பெயரும் புகைப்படமும், நடுவில் நிற்பவளுக்கு ஓவியம். அவள் அவர்கள் காணும் கனவு. கனவு காண அவளுக்கு இடமில்லை.

அதற்குப் பதில் சொன்ன பெண் படைப்பாளிகள் இருந்தார்கள் என்பது நாட்ஜாவின் கதையை மட்டும் வாசிப்பவர்களுக்குத் தெரியாமல் போகிறது. குளோத் காயுன் 1930இல் வெளியிட்ட ‘செல்லாத வாக்குமூலங்கள்’ நூலில், ஒவ்வொரு பகுதியும் ஒரு புகைப்பட ஒட்டுப்படத்தோடு தொடங்குகிறது. வாழ்க்கைத் துணைவர் மார்செல் மூருடன் சேர்ந்து செய்தவை அவை. காயுனின் தலை மழித்த முகம், கண், கை, உதடு எல்லாம் வெட்டப்பட்டு, பெருக்கப்பட்டு, தலைகீழாக ஒட்டப்பட்டிருக்கும். ஆணா பெண்ணா என்ற கேள்வியை எழுத்தில் கலைத்துப்போடும் நூல், படத்திலும் அதையே செய்கிறது. இங்கே கத்தரிக்கோல் படத்தில் இருப்பவரின் கையிலேயே இருக்கிறது. இரண்டாம் உலகப்போரில் ஜெர்சி தீவில் ஜெர்மானியப் படையினருக்கு எதிராகத் துண்டறிக்கை எழுதிப் பரப்பியதற்காக 1944இல் இருவரும் கைதாகி, மரணதண்டனை விதிக்கப்பட்டு, பின்னர் உயிர் தப்பினார்கள்.

‘நாட்ஜா’வில் பெயர் சொல்லப்படாத ஒரு சீமாட்டி வருகிறார். சர்ரியலிஸ்டுகளின் அலுவலகத்துக்கு வான்நீலக் கையுறை அணிந்து வந்தவர். பின்னர் அங்கே வெண்கலக் கையுறை ஒன்றைக் கொண்டுவந்து வைக்க எண்ணியவர். நூலில் அந்த வெண்கலக் கையுறையின் படம் மட்டும் உண்டு. அவர்தான் பின்னாளில் எழுத்தாளராக அறியப்பட்ட லீஸ் தெஆர்ம். 1937இல் அவர் குழந்தைகளுக்காக எழுதிய கவிதைகள் குளோத் காயுனின் 20 புகைப்படங்களோடு நூலாயின. பூ, இலை, சிறு பொருள்களை வைத்து மேசைமேல் அமைத்துக் காயுன் எடுத்த காட்சிகள் அவை. ஒருவரின் நூலில் கையுறையாக மட்டும் இருந்தவர், இங்கே நூலின் ஆசிரியர்.

அதே 1937இல் பிரெத்தோனின் ‘பித்துக் காதல்’ வந்தது. மான் ரே, பிராசாய், தோரா மார், கார்த்தியே-பிரெசோன் ஆகியோரின் படங்கள் அதில் உண்டு. படத்தரம் ‘நாட்ஜா’வைவிட உயர்ந்தது, கலைஞர்களின் கை தெரிகிறது. இருந்தும் நூலில் ஆழப் பதிவது ஒரு சாதாரணப் பொருளின் படம்தான். சிற்பி ஜியாகொமெட்டியும் பிரெத்தோனும் 1934இல் பாரிஸின் பழைய சாமான் சந்தையில் திரிந்தபோது ஆளுக்கொரு பொருள் வாங்கினார்கள். பிரெத்தோன் வாங்கியது, கைப்பிடியின் அடியில் சின்னஞ்சிறு காலணி செதுக்கிய மரக்கரண்டி. ஜியாகொமெட்டி வாங்கியது, என்னவென்றே புரியாத ஓர் உலோக முகமூடி. முகம் அமையாமல் நின்றுபோயிருந்த தன் சிற்பம் ஒன்றை அந்த முகமூடியின் உதவியால்தான் அவர் முடித்தார் என்பது பிரெத்தோனின் கணிப்பு. விருப்பம் தனக்கு வேண்டியதைத் தானே தேடிக் கண்டுபிடிக்கிறது என்ற கோட்பாட்டுக்கு இந்த நிகழ்வு ஆதாரமாகிறது.

இந்த நிகழ்வைப் பற்றிப் பிரெத்தோன் எழுதிய கட்டுரை முதலில் வெளியான பிறகு கவிஞர் ழோயே பூஸ்கேயிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. முதல் உலகப்போரில் முதுகெலும்பில் குண்டு பாய்ந்து, வாழ்நாள் முழுதும் படுக்கையில் கிடந்தவர் பூஸ்கே. அந்த முகமூடி போர்க்களத்தில் தன் படைப்பிரிவினருக்குத் தான் விநியோகித்த வகையைச் சேர்ந்தது என்று அவர் அடையாளம் சொன்னார். காதலின் விந்தை என்று வாசிக்கப்பட்ட பொருளுக்குள் இளைஞர்கள் கூட்டமாகச் செத்துப்போன வரலாறு இருந்தது. பிரெத்தோன் அதை மறைக்கவில்லை, பின்குறிப்பாகச் சேர்த்தார். ‘நாட்ஜா’வில் இல்லாத இந்த நேர்மைதான் ‘பித்துக் காதல்’ நூலின் பெருமை. எழுதுகிறவர் ஒரு பொருளுக்கு என்ன அர்த்தம் கொடுத்தாலும், அதன் படம் அச்சில் வந்துவிட்டால், வேறொருவர் வந்து அதற்கு வேறொரு கடந்தகாலத்தைச் சொல்ல முடியும். வருணனையில் இந்த வாய்ப்பு குறைவு. எழுதுகிறவர் கண்டதுதான் அதில் இருக்கும். 

எலுவாரும் மான் ரேயும் 1935இல் சேர்ந்து செய்த ‘எளிது’ என்ற கவிதை நூலில், எலுவாரின் மனைவி நூஷின் உடலின் வளைவுகளை ஒட்டியே கவிதை வரிகள் அச்சாகியிருக்கும். அச்சுக்கலையின் அற்புதம்தான். ஆயினும் அங்கே படமும் கவிதையும் ஒன்றையொன்று புகழ்ந்துகொள்கின்றன. ஒன்றையொன்று கேள்வி கேட்பதில்லை. 

புவாஃபார் பிரெத்தோனோடு நீடிக்கவில்லை. ழோர்ழ் பத்தாய் நடத்திய ‘ஆவணங்கள்’ இதழுக்காக 1929இல் மனிதக் கால் கட்டைவிரலை முழுப்பக்க அளவில் படமெடுத்துத் தந்தார். 1930இல் பிரெத்தோனைத் தாக்கி வெளிவந்த ‘ஒரு பிணம்’ துண்டுப்பிரசுரத்தில், கண்மூடிய பிரெத்தோனின் தலையில் முள்முடி சூட்டிய படத்தைச் செய்தவரும் அவரே. பிறகு மருத்துவத்துக்குத் திரும்பி எக்ஸ்ரே மருத்துவராக வாழ்நாளைக் கழித்தார். 

இன்றைக்கு இந்தப் பழைய கறுப்பு-வெள்ளைப் படங்களைப் பற்றிப் பேச வலுவான காரணம் இருக்கிறது. விசித்திரமான படத்தை உருவாக்குவது இப்போது யாருக்கும் சில நொடி வேலை. கைப்பேசியில் நாலு சொல் தட்டினால், மேகத்தில் நீந்தும் யானையைச் செயற்கை நுண்ணறிவு வரைந்து தந்துவிடும். அதைச் சர்ரியல் என்று அழைக்கவும் பழகிவிட்டார்கள். பிரெத்தோன் தேடியது இதற்கு மறுபக்கத்தில் இருப்பது. கடையின் முகப்பு உண்மையாக இருந்தால்தான் சிவப்புச் சன்னல் வாசகரை உலுக்கும். படத்தின்மேல் நம்பிக்கை இல்லாத இடத்தில் ‘நாட்ஜா’வைப் போன்ற நூலுக்கு அஸ்திவாரமே கிடையாது. டபிள்யூ. ஜி. செபால்ட் ‘ஆஸ்டர்லிட்ஸ்’ நாவலில், படக்குறிப்பே இல்லாமல் மங்கிய புகைப்படங்களை வாக்கியங்களுக்கு நடுவே வைத்தபோதும், ஓரான் பாமுக் தன் ‘இஸ்தான்புல்’ நூலில் அரா கூலெரின் தெருப் படங்களைச் சேர்த்தபோதும் அந்த நம்பிக்கையை முதலாக வைத்துத்தான் எழுதினார்கள். அடுத்த தலைமுறை எழுத்தாளர்களுக்கு அந்த முதல் இருக்குமா என்பது திறந்த கேள்வி.

பதிப்பாளர்களுக்கும் மொழிபெயர்ப்பாளர்களுக்கும் இதில் பொறுப்பு இருக்கிறது. தமிழ் வாசகருக்குக் கதையோடு வரும் படம் என்றால் ஓவியம்தான். ‘பொன்னியின் செல்வ’னுக்கு மணியம் வரைந்ததும், எண்ணற்ற தொடர்கதைகளுக்குக் கோபுலு வரைந்ததும் அந்த ரசனையை வளர்த்தவை. படம் இல்லாமலும் கதை நிற்கும் என்று அங்கே தைரியமாகச் சொல்லலாம்; நூல் பதிப்புகள் பலவும் ஓவியங்கள் இல்லாமல்தான் வந்திருக்கின்றன. அதே பழக்கத்தைச் சர்ரியலிச நூல்களிடம் காட்டக் கூடாது. செலவைக் குறைப்பதற்காகப் படங்களை நீக்குவதும், பளபளப்புத் தாளில் நடுவில் மொத்தமாகத் திணிப்பதும், குறிப்புகளையும் பக்க எண்களையும் தவிர்ப்பதும் பிரதியின் வாக்கியங்களை வெட்டுவதற்குச் சமம். ஒவ்வொரு படமும் ஆசிரியர் வைத்த இடத்தில், தமிழ்ப் பதிப்பின் பக்க எண்ணுக்கு மாற்றிய குறிப்போடு வர வேண்டும். பட உரிமைக்கான செலவை மொழிபெயர்ப்பு உரிமையோடு சேர்த்தே திட்டமிட வேண்டும். ‘நாட்ஜா’வைப் பொறுத்தவரை, மொழிபெயர்ப்புக்கு 1928 பதிப்பைக் கொண்டார்களா, 1963 பதிப்பைக் கொண்டார்களா என்பதை முதல் பக்கத்திலேயே சொல்லி, பின்னிணைப்பில் இரண்டுக்கும் உள்ள வேறுபாடுகளைத் தர வேண்டும்: கூடிய நான்கு படங்கள், காணாமல்போன விடுதி இரவு. கூடவே, லியோனா டெல்கூர் என்ற பெயரும் அங்கே இருக்க வேண்டும்.